கழுவாமல் சாப்பிடலாம்

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று வயிறும் மூன்று விதம். கணவருக்குப் பால் ஆகாது. ஒரு டம்ளர் காபி குடித்தால் அரை நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. மகளுக்கு நிலக்கடலை. எங்கள் இரண்டு பேருடையதும் வெறும் அவஸ்தை, அவளுடையது ஆபத்து. நாலு வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாசமாய்க் கொடுத்த கடலை உருண்டையில் பாதியைத் தின்றுவிட்டாள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் போட்ட சத்தத்தில் கார் ஓட்டிய கணவருக்குத் தெரிந்த வழியே மறந்துபோயிற்று.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு கடலைப் பருப்பு... இல்லை, சரியாகச் சொல்கிறேன், ஒரு நிலக்கடலை உள்ளே வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். கடலை எண்ணெய் இல்லாமல் எங்கள் பக்கம் கடுகே வெடிக்காது. கிணத்துக்கடவில் இருக்கும் மாமனார் தன் காட்டில் விளைந்ததைச் செக்கில் ஆட்டி, மாதம் ஒரு டின் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த டின்னை நிறுத்தச் சொன்னேன். மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. நான் அசையவில்லை. தேங்காய் எண்ணெய்க்கு மாறினோம். கடை பிஸ்கட், கடை மிக்சர், கடை சத்துமாவு எல்லாவற்றுக்கும் தடை. ராகியிலும் கம்பிலும் நானே பிஸ்கட் சுட்டேன். கணவருக்குத் தேங்காய்ப்பாலில் தயிர் தோய்த்துப் பார்த்தேன். அவர் அதைத் தின்ற விதத்தைப் பார்த்தால் கல்நெஞ்சும் கரையும், ஆனால் என் நெஞ்சு கரையவில்லை.

பிறகு மாடித்தோட்டம். குனியமுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அறுபது பை வைத்தேன். பாலக்கீரை, சிறுகீரை, வெண்டை, மிளகாய், கோலிக்குண்டு அளவில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் குட்டித் தக்காளி. மருந்து ஒரு சொட்டு கிடையாது. மாட்டுச் சாணம், வேப்பெண்ணெய், புண்ணாக்குத் தண்ணீர், இவ்வளவுதான் போடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப் போய், தக்காளியைப் பறித்து அப்படியே கையில் கொடுப்பேன். கழுவவா என்று கேட்டால் சிரிப்பேன். எங்கள் தோட்டத்தில் கழுவாமல் சாப்பிடலாம் என்பது எனக்கு ஒரு பட்டயம் மாதிரி. மாடித்தோட்டக்காரர்களின் வாட்சாப் குழுவில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். மதுக்கரையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். காலையில் எங்கள் தெருவிலேயே வேறு இரண்டு வீடுகளை முடித்துவிட்டு எங்களிடம் வந்து மாலைவரை இருப்பார். என்னை அம்மணி என்பார், மகளைக் கண்ணு என்பார். கடலை விஷயத்தை நான் ஒரு முறைதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொட்டதில்லை. தன் பையைக்கூட உள்ளே கொண்டுவராமல் செருப்புப் பக்கத்தில் வாசலிலேயே வைத்துவிடுவார். நானும் அவரை அக்கா, வாங்க, போங்க என்றுதான் பேசினேன். எங்கள் வீட்டில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது. பின்னால் நடந்ததும் மரியாதையோடுதான் நடந்தது.

மே மாத விடுமுறை. அன்னூரில் ஒரு தோட்டத்தில் எங்கள் குழுவின் விதைப் பரிமாற்றம். நான் பேசுவதாக ஏற்பாடு. காலையில் எழுந்து செடிகளுக்கெல்லாம் தண்ணீர் விட்டு, மாடியைப் படம் எடுத்துக்கொண்டு, மகளை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். நாலு மணிக்குத் திரும்பும் வழியில் போன் வந்தது. குழந்தைக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது, உதடு லேசாய் வீங்கியிருக்கிறது, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டேன் என்றார் அக்கா. நான் வீடு வந்து சேர்ந்தபோது தடிப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. அக்கா குழந்தையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம். அதற்கு ஒரு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன கொடுத்தீங்க என்றுதான் கேட்டேன்.

நீங்கள் வைத்துவிட்டுப் போன அரிசிம்பருப்புச் சாதம்தான் தின்றாள், அப்புறம் மாடியில் விளையாடினாள், வேறெதுவும் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் குழந்தைக்கு முகம் கழுவிவிட உள்ளே போன நேரத்தில் நான் வாசலுக்குப் போய் அவருடைய பையைத் திறந்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, கட்டுப் பிரிக்காத ஒரு கடலை மிட்டாய்ப் பாக்கெட். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். தப்பு என் சமையலில் இல்லை என்ற சந்தோஷம்.

பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை என்பது கண்ணில் படாமல் இல்லை. இன்னொன்று இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். மகளைத் தனியாகக் கூட்டிப் போய் அக்கா மிட்டாய் கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன், இல்லை. அம்மா திட்ட மாட்டேன், நிஜத்தைச் சொல் என்றேன். ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, தலையை ஆட்டினாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அக்காவை உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல், கடலை மிட்டாய்தான் காரணம் போலிருக்கிறது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன்.

"ஏனுங்க அம்மணி, தெரிஞ்சிருந்தும் நான் குடுப்பனுங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க்கா. கொழந்தைதான் சொல்லுது."

பழியைத் தூக்கி ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு நான் நல்லவளாக நின்றுகொண்டேன். அவர் குழந்தையிடம் சொல்லிக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே தெருவின் வாட்சாப் குழுவில், குழந்தைகள் இருக்கும் வீடுகள் வேலைக்கு வருகிறவர்கள் விஷயத்தில் கவனமாக இருக்கவும் என்று ஒரு செய்தி போட்டேன். பெயர் போடவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை. அந்த வாரத்துக்குள் மற்ற இரண்டு வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். பத்து மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். அதே தடிப்பு, அதே உதடு. இந்த முறை குரலும் கரகரத்தது. மருந்தைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு, டாக்டர் ஒவ்வொன்றாய்க் கேட்டார். காலையில் ராகி தோசை, வீட்டில் அரைத்த மாவு. அப்புறம் மாடியில் நாலு தக்காளி, கொஞ்சம் கீரைக் கொழுந்து. எல்லாம் எங்கள் தோட்டத்தது, கழுவாமலே சாப்பிடலாம், ரசாயனமே கிடையாது என்றேன். அந்த இடத்திலும் பெருமை விடவில்லை. அப்படியானால் என்னதான் போடுவீர்கள் என்று கேட்டார். சாணம், வேப்பெண்ணெய், புண்ணாக்கு என்றேன்.

"என்ன புண்ணாக்குங்க?"

"கடலைப் புண்ணாக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

மாமனாரிடமிருந்து எண்ணெய் டின் நின்றுபோனதே தவிர, செக்கிலிருந்து வரும் புண்ணாக்கு மூட்டை நிற்கவே இல்லை. நான்தான் செடிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். எண்ணெய் மனுஷர்களுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கும் செடிக்கும். பிறந்ததிலிருந்து இப்படியே பார்த்துப் பழகிய புத்திக்கு இரண்டும் ஒரே கடலைதான் என்று தோன்றவே இல்லை. பக்கெட்டில் மூன்று நாள் ஊறவைத்து, நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கரைத்து, பூவாளியில் எடுத்துச் செடிகளின் தலையோடு ஊற்றுவேன். கீரையின் இலையிலும் தக்காளியின் தோலிலும் அது காய்ந்து கிடக்கும். ஊற்றிய அன்றே மாடிக்குப் போன இரண்டு முறையும், அதைத்தான் என் மகள் கழுவாமல் தின்றிருக்கிறாள். அன்னூர் போன அன்று காலையிலும், படத்தில் செடி பளபளவென்று இருக்கட்டும் என்று பூவாளி பூவாளியாய் ஊற்றிவிட்டுத்தான் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், அன்றைக்கு அக்கா நிஜமாகவே மிட்டாய் கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு ஏன் ஆமாம் என்று தலையாட்டினாய் என்றேன். "நீ கேட்டுட்டே இருந்தியேம்மா" என்றாள்.

அன்றே மதுக்கரைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூட்டையைக் கட்டித் திருப்பி அனுப்பினேன். அறுபது பை மண்ணையும் கொட்டினேன். மாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தோட்டக் குழுவில், கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் கடலைப் புண்ணாக்கு கூடாது என்று நீளமாக எழுதிப் போட்டேன். நல்ல விழிப்புணர்வுப் பதிவு டீச்சர் என்று கைகூப்பி, பூங்கொத்துப் போட்டு எத்தனையோ பேர் பாராட்டினார்கள். அதில் அக்காவைப் பற்றி ஒரு வரி கிடையாது. மகள் மட்டும் தினமும், அக்கா எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியே மூன்று வாரம் ஓடிப்போயிற்று. நாளைக்கு, நாளைக்கு என்று என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கணவர்தான், நீ போகாவிட்டால் நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். அவர் போய்ச் சொல்வதை நினைத்தபோது அது இன்னும் கேவலமாகப் பட்டது. கிளம்பினேன்.

இரண்டு அறை ஓட்டு வீடு. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் பதறிப்போய், கொடியில் கிடந்த துணியை ஒதுக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்ணு நல்லா இருக்குதுங்களா என்பதுதான் முதல் கேள்வி. நல்லா இருக்கிறாள் என்றேன். நான் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளைக் கூட்டுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க வந்ததே போதுமுங்க அம்மணி. நானே வந்து சொல்லோணும்னு இருந்தேன். மெய்யாலுமே புள்ளைக்கு நான் எதுவும் குடுக்கலீங்க. ஆனா அன்னைக்குக் காலைல பஸ்ஸுல நாலு கடலக்காய் வாயில போட்டனுங்க. கை கழுவிப்போட்டுத்தான் புள்ளையத் தொட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன். நெனச்சு நெனச்சுப் பாத்தா, கழுவாம உட்டுப்போட்டனோ என்னமோன்னு இருக்குதுங்க. எங்கையாலதான் ஆயிருக்கும்."

எனக்குச் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்து என்ன பயன்? அவரே வழி விட்டுக்கொடுத்துவிட்டார். பரவாயில்லீங்க்கா, விடுங்க என்று பெருந்தன்மையாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு மாதமாக இந்த மனுஷி உட்கார்ந்து தன் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை நினைத்ததும் அந்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணாக்கு, பூவாளி, தக்காளி, அவருடைய பையைத் திறந்தது, குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டது, தெருக் குழுவில் செய்தி போட்டது. மன்னிச்சுக்கோங்க்கா என்றேன். அவர் மன்னிப்பைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"அப்ப எங்கையில இல்லீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க்கா என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

தெருவில் எல்லோரிடமும் நானே போய்ச் சொல்கிறேன், நாளைக்கே பழையபடி வாருங்கள், மகள் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று படபடவென்று அடுக்கினேன். அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"வேலை கெடக்கட்டுங்க அம்மணி, அப்பறம் பாத்துக்கலாம். பக்கத்து வீதியில எந்தங்கச்சிக்குக் கொழந்தை பொறந்து ஒரு மாசமாச்சுங்க. எங்கையப் பத்திப் பயந்துட்டு நான் இன்னும் தொடவே இல்லை. இப்பப் போயித் தூக்கட்டுங்களா?"

என்னிடம் அனுமதி கேட்டார். நான் பதில் சொல்வதற்காக வாசலில் நின்று காத்திருந்தார்.