குழாயில் ஒட்டிய பொட்டு

இலங்கையில், தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கிருஷ்ணகுமாரிக்கு இரண்டு நெற்றிகள். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பொட்டு வைத்த நெற்றி. மேலே, விடுதியாகிவிட்ட பழைய துரை பங்களாவில் சமைக்கும்போது வெறும் நெற்றி. சண்டைக் காலத்தில் வீண் வம்பு வேண்டாம் என்று பங்களாவை நடத்தும் சிங்கள மாத்தையா சொல்லியிருந்தார். வழியிலிருக்கும் தண்ணீர்க் குழாயில் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவாள், திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே அவள் வெறும் குமாரி, சிங்களத்திகளுக்கும் உள்ள பெயர்.

2009 மாசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து தங்கினார்கள். தமிழர் சாகும் நாட்டில் போய் உல்லாசமா என்று அவர்கள் நாட்டு நண்பர்கள் ஏசினார்களாம். சித்திரையில் ஒரு கூட்டத்தையே அழைத்துவர இருந்தவர்களுக்கு மனம் உறுத்தியது. ஒரு தமிழர் வாயால் கேட்டு முடிவெடுக்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் அவளிடம், நீ தமிழா, இங்கே தமிழர் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். அடிக்கடி சுற்றுலா வான் ஓட்டிவந்து அவள் குடும்பத்தை அறிந்த வரக்காப்பொல மஹ்ரூப் அதைச் சிங்களத்தில் மாற்றிச் சொன்னான். அந்தக் கூட்டமும் வராவிட்டால் பங்களாவைப் பூட்ட வேண்டியதுதான் என்றிருந்த மாத்தையா கதவருகே நின்றார்.

தான் தமிழே இல்லை என்றாள். லயத்துத் தமிழர்களுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள். எண்பத்தோராம் ஆண்டு இனக்கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிய சொந்த அக்கா தங்கம்மா உயிரோடிருக்கிறாளா என்றே தைப்பொங்கலிலிருந்து தெரியாது. அதை வைத்துக்கொண்டு நாக்கூசாமல் சொன்னாள்.

குசினியில் மஹ்ரூப் தமிழில் மெதுவாகக் கேட்டான். "ஏன் தங்கச்சி, ஒங்கட அக்கா வன்னியிலதானே?"

"அடுப்பு எரியணுமே நானா" என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் சொன்னாள், தேங்காய் துருவிக்கொண்டே.

மறுநாள் காலை நல்ல மழை. ஓடிவந்த அவசரத்தில் குழாயடியில் நிற்க மறந்துபோனாள். அப்பத் தட்டோடு மேசைக்கு வந்தபோது அந்த வெள்ளைக்கார அம்மா அவள் நெற்றியையே பார்த்தார். கிருஷ்ணகுமாரியின் கை தானாகப் பொட்டுக்குப் போயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்டம் வராது என்று போகும்போது அவர்கள் சொல்லிவிட்டார்கள். தமிழச்சி தன்னைத் தமிழச்சி என்று சொல்லப் பயப்படும் இடத்துக்கு யாரையும் அழைத்துவர மனமில்லையாம். மனசு நல்ல மனசுதான், பூட்டு விழுந்தது இவள் அடுப்பில். அக்காவையும் விட்டுக்கொடுத்து, வேலையும் போய், உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்று மறுபடி கொழுந்து எடுக்கப் போனாள்.

ஆடி மாதம் தங்கம்மா, ராணுவம் காவல் நிற்கும் வவுனியா முகாமிலிருந்து தொலைபேசியில் பேசினாள். சாப்பாடு, தண்ணீர், பிள்ளைகள் என்று இவள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது.

"எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல குமாரி."

அக்காவின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கிருஷ்ணகுமாரி கேட்கவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்தபடி, மறு கையால் நெற்றியை மூடிக்கொண்டு அழுதாள்.