கரண்ட் போன பிறகும் ஓடின படம்

பேய் கீய்னு எவனாவது பேச்செடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவன் நான். எதுக்கும் ஒரு காரணம் இருக்கும், ஒயர் லூஸா இருக்கும், இல்லாட்டி ஏதாவது பார்ட் போயிருக்கும், அவ்வளவுதான்னு இருந்தவன். இதைக் கேட்டா நீங்களும் ஒரு காரணம் சொல்லத்தான் போறீங்க. சொல்லுங்க, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எனக்குச் சொந்த ஊரு மலைக்குக் கீழ அய்யம்பாளையம். கடை போட்டிருந்தது கொடைக்கானல்ல. வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்த புதுசு. பக்கத்துல அட்டுவம்பட்டியில ஜெசிந்தா அக்கான்னு ஒருத்தவங்க. அவங்க வீட்டுக்காரர் சேவியர் அண்ணன், டூரிஸ்ட் வேன் ஓட்டினவரு, பக்கவாதம் வந்து படுக்கையில விழுந்துட்டாரு. வெயில் படுற ரூம் அது ஒண்ணுதான்னு மாடியில படுக்க வச்சிருந்தாங்க. பேச்சு சுத்தமாப் போச்சு, கண்ணு மட்டும் நம்ம பின்னாடியே வரும். நல்லா இருந்த காலத்துல அவரு எடுத்த வீடியோ டேப்பு ஒரு பெட்டி நெறையக் கெடந்துச்சு. அதையெல்லாம் அவரு படுத்தமேனிக்கே பாக்கணும்னு அக்காவுக்கு ஆசை.

டேப்பை ஓட்டுறதுக்கு வேணுங்கிற அவரு கேமரா எப்பவோ ஒடஞ்சு போச்சு. அதனால நான் வெளிய ஒரு கேமராவ இரவல் வாங்கி, டேப்பையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். கீழ ஹால்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் மிஷின்ல லினக்ஸ் போட்டு வச்சேன். சோலி லேசுதான். படம் பூரா கீழ இருக்கும், வைஃபை வழியா மேல வரும், மாடியில லேப்டாப்புல ஓடும். கீழ இருந்து வந்தாத்தான் மேல படம், லேப்டாப்புல தனியா ஒண்ணும் கெடையாது.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம். மேகம் எறங்கி ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியல. அக்கா கீழ சமையக்கட்டுல இருந்தாங்க. நான் லேப்டாப்பை அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு, அவரு மக சின்னதுல சர்ச்சுல புதுநன்மை வாங்குன வீடியோவப் போட்டேன். அவருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அப்பப் பாத்து கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரியில ஓடும், கீழ மிஷினுக்கு பேட்டரி கெடையாது, வைஃபை பெட்டிக்கும் கெடையாது. கொஞ்சம் ஓடிட்டு நின்னுரும்ணே, கரண்ட் வரட்டும்னு சொன்னேன்.

நிக்கலைங்க. படம் மாறுச்சு.

அந்த வீட்டுக்குப் பின்பக்கம். விறகு போடுற தகரக் கொட்டாய், ஒரே மேகம், சத்தமே இல்ல. அக்கா கையைத் துடைச்சுக்கிட்டே வர்றாங்க, காலையில நான் பாத்த அதே பச்சை ஸ்வெட்டர். எதுக்க நின்னு படம் புடிக்கிற ஆளைப் பாத்து, தெரிஞ்சவங்ககிட்டப் பேசுற மாதிரி ஏதோ கேக்குறாங்க. படம் மெதுவா பின்னால போகுது, அக்கா கூடவே வர்றாங்க. கொட்டாயைத் தாண்டுனா ஓடைப்பள்ளம். அண்ணன் தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. திரும்பிப் பாத்தா, அவரு படத்தைப் பாக்கல, என்னையப் பாத்துக்கிட்டு இருக்காரு.

நான் படியில விழுந்தடிச்சு எறங்குனேன். ஹால்ல மிஷின் செத்துக் கெடக்கு, வைஃபை பெட்டியில ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. அடுப்புல பால் பொங்கி வழியுது, பின்கதவு தொறந்து கெடக்கு. கத்திக்கிட்டே ஓடுனேன். அக்கா பள்ளத்து விளிம்புல சறுக்கி, உன்னிச்செடியப் புடிச்சுத் தொங்குறாங்க. நான் குப்புறப் படுத்து கைய நீட்டுனேன். நம்புனா நம்புங்க, அவங்க கையக் குடுக்கல. என்னையப் பாத்துட்டு இன்னும் கீழ போகப் பாத்தாங்க. ஸ்வெட்டரைப் புடிச்சுத்தான் இழுத்துப் போட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரங்க வந்து ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் எலும்பு முறிஞ்சிருந்துச்சு. கட்டுப் போட்டப்புறம் அக்கா என்கிட்டக் கேட்டாங்க.

"ஏன் தம்பி என்னைய அங்கிட்டுக் கூப்பிட்ட?"

நான் மாடியில அண்ணன்கூட இருந்தேன்க்கான்னேன்.

"நீதான் கொட்டாய்கிட்ட நின்னு வரச்சொன்ன. திரும்பாம பின்னாலயே நடந்து போன."

நான் மாடியில இருந்ததுக்கு ஒரே சாட்சி அண்ணன், அவருக்கோ வாய் இல்ல. மறுநாள் மிஷினைப் பூராத் தேடுனேன், அப்படி ஒரு வீடியோவே அதுல இல்ல. அண்ணன் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தாரு. நான் பாக்கப் போனா கண்ணை மூடிக்குவாரு, நான் படியிறங்குற சத்தம் கேட்டப்புறம்தான் தொறப்பாராம்.

அவரு எறந்த துட்டிக்குப் போனப்ப அக்காகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அன்னைக்குக் கொட்டாய்கிட்ட நின்னவன் கையில கேமரா இருந்துச்சான்னு.

அக்கா என் கண்ணையே பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க. "கையில ஒண்ணுமே இல்ல தம்பி. கண்ணைத்தான் சிமிட்டவே இல்ல."