திருமங்கலம் என்று சொன்னவர்

மதுரையிலிருந்து தெற்கே போகும் காலை பாசஞ்சரில் முன்பதிவு கிடையாது என்பது ரயில்வேயின் சட்டம். பயணிகளின் சட்டம் வேறு. நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்பார். பதில் வந்ததும் அந்த இடம் கேட்டவருக்குப் பதிவாகிவிடும். பிறகு வேறு யார் வந்து கேட்டாலும், உட்கார்ந்திருப்பவர் தாடையை அசைத்து முதலில் கேட்டவரைக் காட்டுவார். மூன்று பேர் பலகையில் நாலாவதாக ஒருவர் ஒட்டிக்கொள்ளலாம்; ஆனால் முதுகைச் சாய்க்கக் கூடாது. விருதுநகருக்கு நான் வேலைக்குப் போய்வந்த காலத்தில், இவற்றை மீறியவரைப் பார்த்ததில்லை.

ஒரு நாள் மதுரையிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. விருதுநகரில் ஒரு மிஷன் பள்ளிக்குப் போகிற டீச்சர், தோளில் பையும் மார்போடு அணைத்த விடைத்தாள் கட்டுமாக ஏறினார். அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். முந்தின நாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டதால் பாதிக் கட்டு திருத்தாமல் கிடந்தது. முதல் மணி அடிக்கும் முன் கொடுத்தாக வேண்டும் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே திருத்திப் பார்த்தார். வண்டி ஆட்டத்தில் சிவப்பு மை தாளைத் தாண்டி அவர் கட்டைவிரலில் கோடு போட்டது.

எனக்கு எதிரே ஜன்னலோரத்தில் இருந்தவர் திருமங்கலத்தில் இரும்புக் கடையில் வேலை பார்ப்பவர். டீச்சர் அவரிடம் கேட்டார். அவர் திருமங்கலம் என்றார். டீச்சர் நிம்மதியாகப் பேனாவை மூடினார்.

திருமங்கலம் வந்தது. அவர் எழவில்லை. ஏறுகிற கூட்டம் ஏறி முடித்தும் எழவில்லை. அடுத்திருந்த இளைஞர்தான் அவர் முழங்காலைத் தட்டினார்.

"அண்ணே, உங்க ஊரு வந்துருச்சு."

"இன்னைக்கு விருதுநகர்ல சரக்கு எடுக்கணும் மாப்ள. மொதலாளி அனுப்பிருக்காரு."

"அப்ப டீச்சர்கிட்ட திருமங்கலம்னீங்க?"

அவர் டீச்சரைப் பார்த்தார். தினமும் சொல்லிப் பழகிய வாய் சொல்லிவிட்டது என்றார். பரவாயில்லை, உட்காருங்கள் என்று டீச்சர் சொன்னாலும் அவர் கண் விடைத்தாள் கட்டின் மேலேயே இருந்தது. பெட்டியில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது. அவர் எழுந்தார்.

"சொன்னது சொன்னதுதான். ஒக்காருங்க தாயி."

டீச்சர் மடியில் பையை வைத்து அதன்மேல் திருத்தத் தொடங்கினார். முடிந்த தாள்களை வைக்க இடமில்லை. இடம் கொடுத்தவரே அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு கையால் மேல்தட்டுக் கம்பியைப் பிடித்தபடி மறு கையில் அடுக்கிக்கொண்டார். வாங்கியதை வாசிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"கையெழுத்து இம்புட்டு அழகா இருக்கே, மார்க்கு ஏன் கொறஞ்சுபோச்சு?"

"அழகுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லண்ணே. பதிலத்தான் காணோம்."

பலகை முழுவதும் சிரித்தது. கள்ளிக்குடியில் ஓர் இடம் காலியானது. அதை முன்பே ஒருவர் கேட்டு வைத்திருந்தார். இவர் யாரையும் கேட்டிருக்கவில்லை என்பதால் நின்றபடியே வந்தார். அதில் அவருக்கு வருத்தமும் தெரியவில்லை. பிள்ளைகளின் மதிப்பெண்களில்தான் அவர் கவனம் இருந்தது. அறுபதுக்கு மேல் கண்டால் தாளை ஒருமுறை தடவி வைத்தார்.

விருதுநகர் நடைமேடைக்குள் வண்டி நுழைந்தபோது கடைசித் தாள் டீச்சர் மடியில் இருந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினோம். கீழே நின்ற கூட்டம் படியில் கால் வைத்தது. இடம் கொடுத்தவர் அடுக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. டீச்சர் கூட்டிக்கிட்டு இருக்காங்க."

எதைக் கூட்டுகிறார் என்று கீழே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் பொறுத்தார்கள். டீச்சர் பேனாவை மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். அவர் அடுக்கைக் கொடுக்கவில்லை, வழியும் விடவில்லை.

"அந்தக் கடைசித் தாளுப் பய பாசா?"

"பாஸ்ணே."

அதன் பிறகுதான் நகர்ந்தார்.