முகையூர்ப் பெண்ணுக்கு நான் விற்ற கறுப்புக் கிதார்

கிதார் விற்பவனுக்குக் கிதார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் புகுந்துதான் விழுப்புரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் பதினொரு வருடமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். துணிக்கடையில் நின்று "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்று கூசாமல் சொல்கிறவர்களும், செருப்புக் கடையில் "போடப் போட சரியாயிடும்" என்று சத்தியம் செய்கிறவர்களும் என் கூட்டாளிகள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் நிற்பவர்கள் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து விநாடி வித்வான்

எனக்கு வாசிக்கத் தெரிந்தது பதினைந்து விநாடி. கடையில் சேர்ந்த புதிதில் ஒரு கிதார் ஆசிரியர், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் கற்றுக்கொடுத்தது. வாடிக்கையாளர் வந்ததும் ஆம்ப்ளிஃபயரைப் போடுவேன், கண்ணை மூடிக்கொள்வேன், அந்தப் பதினைந்து விநாடியை வாசிப்பேன். பிறகு ஏதோ நினைவு வந்தவன்போல நிறுத்தி, "மீதியை நீங்களே வாசிச்சுப் பாருங்க" என்று கிதாரை அவர் கையில் கொடுத்துவிடுவேன். அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். மற்றபடி கிதாரைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. எந்த மரம் எப்படி ஒலிக்கும், தந்தியின் பருமன் கூடினால் சுரம் ஏன் தாழும், நம் பழைய யாழுக்கும் இதற்கும் என்ன உறவு, என்ன உறவில்லை, எல்லாம் படித்து வைத்திருக்கிறேன். படித்தது எதுவும் விரலுக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டிவனத்திலிருந்து பாலிடெக்னிக் மாணவன் ஒருவன் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு கிதாரைக் காட்டி, வாசித்துக் காட்டச் சொன்னான். மூன்று கிதாரிலும் அதே பதினைந்து விநாடியைத்தான் வாசித்தேன். மூன்றாவது வாரம் கிதாரை வாங்கினான், பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், படியிறங்கும்போது மரியாதையாகவே கேட்டான்: "அண்ணே, போன வாரமே கேக்கணும்னு இருந்தேன், அந்தப் பாட்டு இன்னும் முடியலியா?"

கோட்டக்குப்பத்துக்காரர் கேட்ட ஒரே கேள்வி

வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், தன் பத்து வயது மகனுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளை கற்றுக்கொள்ள எலக்ட்ரிக் கிதார் நல்லதா, சாதாரணக் கிதார் நல்லதா? இதற்குப் பதில் இரண்டே வாக்கியம். எலக்ட்ரிக்கில் தந்தி மெல்லியது, கட்டைக்கு நெருக்கமாக ஓடுவது, ஆகவே பிஞ்சு விரலுக்கு வலி குறைவு. பிள்ளையின் தோளுக்குக் கனக்காததாகப் பார்த்து, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வாங்கினால் போதும்.

நான் அதைச் சொல்லவில்லை. தந்தி எதில் செய்யப்பட்டது என்பதில் தொடங்கினேன். ஆட்டுக்குடல் தந்தி போய் உருக்குத் தந்தி வந்த காலத்தைக் கடந்து, காந்தத்தின் மேல் தாமிரக் கம்பி சுற்றுகிற இடத்துக்கு வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளை ஸ்டூலிலேயே தூங்கிவிட்டான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தம்பி, எனக்கு மொத்தமே நாப்பது நாள் லீவு, அதுல இருபது போயிடுச்சு. மீதிக்குள்ள பதில் வந்துடுங்களா?"

விரலில் சரக்கில்லாததும் வாயில் அது மிதமிஞ்சி இருப்பதும் தனித்தனியாக இருந்தவரை இப்படிச் சிரிப்போடு போயிற்று. இரண்டும் சேர்ந்து ஒரே பெண்ணின் தலையில் விழுந்ததைத்தான் இனிச் சொல்லப்போகிறேன். இதில் நான் சிரிக்கிற இடம் எதுவும் இல்லை.

பழுப்பும் கறுப்பும்

முழுப் பரீட்சை முடிந்த வாரம், முகையூரிலிருந்து சவரிமுத்து என்பவர் தன் மகள் ஜெசிந்தாவை அழைத்து வந்தார். அவருக்கு வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்தே பாடுகிறவள். குழுவில் கீபோர்டு உண்டு, கிதார் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் கற்றுக்கொண்டால் பூசையில் வாசிக்க விடுவதாகப் பாட்டு மாஸ்டர் சொல்லியிருந்தாராம். வீடு ஒற்றை அறை. எலக்ட்ரிக் என்றால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகலாம், தம்பியின் படிப்பு கெடாது என்று அவளாகவே யோசித்து வந்திருந்தாள். இவ்வளவு தெளிவோடு எங்கள் கடைக்குள் வந்தவர்கள் குறைவு.

சுவரில் பழுப்பு நிறத்தில் ஒன்று தொங்கியது. அதன் பிரிட்ஜ், அதாவது ஆறு தந்திகளும் வந்து முடிகிற உலோகப் பட்டை, உடம்போடு சேர்த்துத் திருகப்பட்டது, அசையாது. முதல் கிதாருக்கு அதுதான் சரி. கண்ணாடி அலமாரியில் கறுப்பு நிறத்தில் இன்னொன்று இருந்தது. அதன் பிரிட்ஜ் பின்பக்க ஸ்பிரிங்குகளின் இழுப்பில் மிதந்துகொண்டு நிற்கும். கூடவே இருக்கும் கைப்பிடியை அழுத்தினால் சுரம் குழையும், அழும். கைதேர்ந்தவருக்கு அது விளையாட்டு. புதிதாகப் பழகுகிறவருக்கு ஓயாத தொல்லை. ஒரு தந்தியைச் சுதிக்கு ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கிவிடும், ஐந்தையும் ஏற்றிவிட்டு வந்தால் முதல் தந்தி போயிருக்கும்.

ஜெசிந்தா பழுப்புக் கிதாரை மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினாள். தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை கேட்டாள். இதுவே போதும் என்றாள். நான் அத்தோடு பில் போட்டிருக்கலாம். விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே பணத்தின் மேல் பழிபோடவும் எனக்கு வழியில்லை. அந்த மிதக்கும் பிரிட்ஜைப் பற்றி நான் படித்து வைத்திருந்ததைக் கேட்க இரண்டு வருடமாக ஓர் ஆளும் வாய்க்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். கறுப்பை வெளியே எடுத்தேன். பில் புத்தகத்தின் பின்னட்டையில் படம் வரைந்து விளக்கினேன். வாங்கினால் வளர்ந்த பிறகும் உதவுவதாக வாங்க வேண்டும் என்றேன். அவள் கண் இரண்டு முறை பழுப்பின் பக்கம் போய்விட்டு வந்தது. சவரிமுத்து மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு மகளிடம் சொன்னார்: "சார் இவ்ளோ படிச்சவரு சொல்றாரு பாப்பா, அதையே எடுத்துக்கோ."

பழுக்காத காது

ஒரு மாதம் கழித்து இருவரும் கிதாரோடு வந்தார்கள். சுதி நிற்கவில்லை என்றாள். ஒன்று சேர்ந்தால் இன்னொன்று போய்விடுகிறது, தினமும் அதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது, பாடம் பழக முடியவில்லை. நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கடையில் வேறு மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஆறு தந்தியையும் சேர்த்தேன், முதல் தந்தி போயிருந்தது. திரும்பச் சேர்த்தேன், ஆறாவது போயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்த மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சவரிமுத்து குனிந்து பிரிட்ஜைப் பக்கவாட்டில் பார்த்தார். பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, மட்டமாக இல்லை என்றார். நூற்றுக்கு நூறு சரி. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்: இது உங்களுக்கு ஏற்றதில்லை, பழுப்பு இன்னும் சுவரில்தான் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று. இல்லையென்றால், எனக்கு இதைச் சரிசெய்யத் தெரியவில்லை என்றாவது. நான் கிதாரை உறையில் போட்டபடி அந்தப் பெண்ணிடம் சொன்னது வேறு. கிதாரில் கோளாறில்லை, காது பழுக்க வேண்டும், சிலருக்கு அது வருடக்கணக்கில் ஆகும், சிலருக்குப் பழுப்பதே இல்லை என்றேன். சொல்லி முடித்தபோது அந்த வாக்கியத்தின் நடை எனக்கே பிடித்திருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

அவள் உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். பிறகு ஒன்று கேட்டாள். கேபிளைச் சுருட்டிக்கொண்டே, யோசிக்காமல், ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவள் கேட்டது இதுதான்: "அப்ப நான் கோயில்ல பாடறதும் தப்பாத்தான் இருக்குமா சார்?"

திண்டிவனத்தில் டைல்ஸ் ஒட்டிய இரண்டு நாள்

பொங்கல் முடிந்ததும் முதலாளி திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை பிடித்தார். அதைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார். தரை பெயர்ந்து கிடந்தது. டைல்ஸ் ஒட்ட ஆள் வேண்டும் என்றதும் பழைய பில்லில் இருந்த சவரிமுத்துவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்த ஒவ்வொரு டைலையும் விரல் கணுவால் தட்டி, குனிந்து கேட்பார். அடியில் கலவை சரியாகப் பிடிக்காத இடம் வேறு சத்தம் கொடுக்கும். உடனே பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். எனக்கு இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்டது. தலையைச் சாய்த்து, சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், வேறொரு முகத்தில்.

இரண்டு நாளும் அவர் கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும் நேரத்தில் நானே கேட்டேன். துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறது என்றார். கிறிஸ்துமஸ் பூசை கீபோர்டோடு நடந்ததாம். பாப்பா எப்போதும்போலப் பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறதாம். குறையாக எதுவும் சொல்வார் என்று நின்றிருந்தேன். அவர் கரணையைக் கழுவித் துடைத்துவிட்டு, நன்றி சொல்கிற குரலில் சொன்னார்: "நீங்க அன்னைக்கே காது சரியில்லன்னு சொல்லிட்டீங்க சார், அதுவே பெரிய ஒத்தாசை. எங்களுக்கெல்லாம் யாரு வந்து சொல்லுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்கு முகையூர் போனேன். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும். பழுப்புக் கிதாரை ஆகஸ்டிலேயே வேறு யாருக்கோ விற்றாகிவிட்டது. மன்னிப்பு கேட்பதற்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பஸ்ஸில் ஒரு கட்டுரையே தயார் செய்திருந்தேன். அவர்கள் வீட்டு வாசலில் ஜெசிந்தாவைப் பார்த்ததும் முன்னுரை மறந்துவிட்டது. உன் காதில் குறையில்லை, கிதார்தான் தவறு, அது எனக்கு விற்ற அன்றே தெரியும் என்றேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, நாலு பேர் எதிரில் சுதி சேர்க்க முடியாமல் போன அவமானத்தை உன் மேல் தள்ளிவிட்டேன் என்றேன். நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

சவரிமுத்து இந்த முறை "சார்" என்று கூப்பிடவில்லை. பரணிலிருந்து கிதாரை இறக்கி, இது எதனால் ஆடுகிறது என்று மட்டும் கேட்டார். பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளைக் காட்டினேன். பிரிட்ஜுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மரச் சக்கையை வைத்து இறுக்கிவிட்டால் ஆடாதே என்றார். ஆடாது. அந்த உபாயத்தை நான் பல இடத்தில் படித்திருக்கிறேன். செய்து பார்க்கத் தோன்றியதில்லை. ஒரு தேக்குத் துண்டை அறுத்து, ராவி, இரண்டு சக்கையையும் தட்டி இறக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஜெசிந்தா சுதி சேர்த்தாள். ஃபோனைப் பார்க்காமல், காதால். நான் என் ஃபோனில் சுதி காட்டும் முள்ளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தந்திக்கும் முள் நடுக்கோட்டில் வந்து நின்றது. ஆறாவது முடிந்ததும் நம்பாமல் முதல் தந்தியை மறுபடி மீட்டினாள். அது விட்ட இடத்திலேயே இருந்தது. முதல் நாள் கடையில் நீ எடுத்ததும் சரியான கிதார்தான், உன் காது அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது என்று சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கிதாரைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல, தன் அப்பாவுக்கும் அன்றுதான் தெரியவந்த ஒன்றைச் சொன்னாள்: "ஏழு மாசமா கோயில்ல வாயை மட்டும் அசைச்சுக்கினு நின்னேன் சார்."

இந்தப் பதினொரு வருடத்தில் விற்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வருட உத்தரவாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்; கூடவே இலவசமாகக் கொடுத்த பேச்சுக்குத்தான் ஒரு நாளுக்குக்கூட எழுதிக் கொடுக்கத் துணிந்ததில்லை.