தரையைப் படம்பிடித்த கேமரா

ஒரு மணி நேரம் பதிவான நாடா கணினிக்குள் போய்ச் சேர ஒரு மணி நேரமே ஆகும் என்று மாமா சொன்னபோது, அறிவியலின் மீது எனக்கிருந்த மதிப்பு சற்றே குறைந்தது. கடல் கடந்து மனிதர்களைக் கொண்டுசேர்க்கும் காலத்தில், மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் படம் நடந்தா வரும்? நடந்துதான் வந்தது. கேமராவுக்குள் நாடா சுழன்றது. கம்பி வழியே காட்சி ஊர்ந்தது. திரையில் மெல்ல மலர்ந்தது. விரைவுபடுத்த வழியில்லை. பக்கத்து வீட்டு விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த கணினியை உதிரி உதிரியாக வாங்கிவந்து பூட்டியவர் அவரே. கேமரா மட்டும் நைனாவுடையது; அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். குவைத்தில் ஓட்டுநராக இருந்த நைனா, விடுப்பில் வந்தபோது கொண்டுவந்து, திரும்பும்போது எங்களிடம் விட்டுச் சென்றார்.

மறுநாள் வெதுருகுப்பத்தில் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்க மாமா ஒப்புக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அந்த ஒரே நாடா. அதன் மேலேயே கல்யாணம் பதிவாகும். கணினியில் ஏற்றாதது அழியும். கணினியிலோ இடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

நாடாவில் இரண்டு பதிவுகள். ஒன்று, பள்ளி ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரை. அறிவியல் வரமா, சாபமா என்னும் தலைப்பில் வரமே என்று முழங்கி, எவர்சில்வர் தட்டு ஒன்றை வென்றிருந்தேன். மற்றொன்று, அதற்கு முன் நைனா எடுத்த கங்கம்மா ஜாத்திரை. புது விசா கிடைத்தால் புடவை கட்டி வருவதாக அவர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். திருப்பதி ஜாத்திரையில் ஆண்கள் பெண்வேடமிட்டு வேண்டுதலைத் தீர்ப்பது வழக்கம். விசா வந்தது. அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டி, கழுத்தில் கேமராவை மாட்டி, அம்மாவோடு புறப்பட்டார். போட்டிக்கு மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததால் நான் போகவில்லை.

மாமா நாடாவை ஓடவிட்டார். அம்மன் வரவில்லை, கூட்டம் வரவில்லை, தரை வந்தது. அந்தக் கேமராவில் எடுக்கவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். முதல் அழுத்தத்திலேயே கணக்குத் தவறிவிட்டது போலும். எடுப்பதாக நைனா நினைத்தபோதெல்லாம் கேமரா உறங்கியது. நிறுத்திவிட்டதாக நினைத்து நடந்தபோது விழித்துக்கொண்டது.

"இன்னாக்கா இது! உன் வூட்டுக்காரரு ஜாத்திரைய எடுக்கப் போயி ரோட்ட எடுத்துக்கினு வந்துகீறாரு. ஏமி லேது, ஒண்ணுமே இல்ல, உத்த தரை!" மாமா சிரித்தார். "இத்த வுட்டுட்டு லீடரம்மா ஸ்பீச்ச ஏத்திடலாம். ரெண்டுத்துக்கும் எடம் பத்தாது."

நான் எழுந்து நின்றேன். தரை எங்கும் கிடைப்பது என்றும், பரிசு பெற்ற உரை எங்கும் கிடைக்காதது என்றும் கையுயர்த்தி எடுத்துரைத்தேன்.

"யப்பா, மைக்கு இல்லாமலே காது போச்சு" என்றார் மாமா.

அப்போது கணினியின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு தெறித்தது. யாரோ வழிப்போக்கர் என்று நினைத்தேன்.

"அத்த நிறுத்தாதடா" என்றாள் அம்மா. "மொதல்லருந்து போடு. அதையே ஏத்து."

"வெறும் தரைதான்க்கா!"

"இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பேசனத இன்னொரு தபா பேசிடுவ கண்ணு" என்றாள். அவள் தரப்பு வாதம் அவ்வளவுதான்.

முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த நான், சிறிது நேரத்தில் திரைக்குள் இழுக்கப்பட்டேன். வயிற்றருகே தொங்கிய கேமராவின் ஆட்டத்தில் சாலை நீரைப்போல ஏறி இறங்கியது. வேப்பிலை மிதந்து போயிற்று. மஞ்சள் நீர்த் தடம் மிதந்து போயிற்று. உடைந்த பலூன் ஒன்று வந்து விலகியது. இரண்டு புடவை விளிம்புகள் அருகருகே நீந்தின. ஒன்றின் கீழே மெட்டியணிந்த சிறு பாதங்கள். மற்றொன்றின் கீழே நைனாவின் பெரிய பாதங்கள்.

"மெதுவா நடடி. கொசுவம் கால்ல சிக்கிக்கினு கீது."

"இப்பத் தெரியுதா? இத்த கட்டிக்கினுதான் நாங்க ஓடிப்போயி பஸ்ஸு புடிக்கிறோம்."

"நீ கட்டிவுட்ட லட்சணம் அப்படி."

"லட்சணத்துக்கு இன்னா கொறச்சல்? எவனாவது உன்ன பொண்ணு கேட்டு வந்துட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

மறுபடியும் அந்தச் சிரிப்பு. அது அம்மாவினுடையது. வீட்டில் அவள் நைனாவை ஒருநாளும் நீ என்றதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து நைனா அழைக்கும் தொலைபேசி கைமாறிக் கைமாறிக் கடைசியில் அவளிடம் வரும்போது, சுற்றிலும் நாங்கள் நிற்க, 'உம்' என்பதைத் தவிர அவள் எதுவும் பேசிக் கேட்டதுமில்லை.

விளிம்புகளின் வேகம் குறைந்தது.

"போவாம இங்கியே இருந்துடட்டுமா?" நைனாவின் குரல்.

சிரிப்பு நின்றது. மெட்டியணிந்த பாதங்கள் நின்றன. பெரிய பாதங்களும் நின்றன. ஆடிக்கொண்டிருந்த தரை அமைதியாகி, திரையில் ஒரு வேப்பிலை அசையாமல் கிடந்தது. தொலைவில் பம்பை ஒலித்தது. பதில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிறு பாதங்களே முதலில் நடக்கத் தொடங்கின, பெரியவை பின்தொடர்ந்தன. பேருந்து ஒன்று அலறியது. திரை நீலமானது.

தாகம் எடுப்பதாகச் சொல்லி மாமா எழுந்து போனார். அம்மா நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்ட கேள்விக்கு விடை தராதவர் தோற்றவர் என்பது நான் கற்றிருந்த மேடை விதி. அம்மா தோற்றதில் எனக்கு வருத்தம். ஆகவே அவள் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை நானே தொகுத்து வழங்கினேன்: நைனா போனால்தான் ஓட்டு வீடு மாடி வீடாகும், நைனா போனால்தான் நான் சித்தூரில் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க முடியும், ஆகவே போய்வருக என்பதே சரியான விடை.

அம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கும் தெரியும் கண்ணு" என்றாள்.

தெரிந்த விடையை அவள் ஏன் சொல்லாமல் நடந்தாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.