கடைசிப் பத்தி மட்டும் படித்தவன்

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு, மூன்று மாதம் வீட்டில் டாக்டராக இருந்த முட்டாள் நான். என் மனைவி சாந்திக்கு நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ‘உடற்பயிற்சியால் நடை மேம்படுகிறது’ என்று அதில் இருந்தது. போதாதா? கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு தினமும் மொட்டை மாடியில் அவளை நடக்க வைத்தேன்.

“கால் வரமாட்டேங்குதுங்க” என்பாள்.

“கால் எங்க போயிரும் அம்மணி, கூடத்தான் வரும்!” என்பேன். அவளும் சிரித்துவிடுவாள்.

ஒருநாள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு நடையும் போயிற்று.

என் தப்பில்லை என்று காட்ட, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் கட்டுரையை நீட்டினேன். முழுக்கப் படித்தார்.

“பயிற்சி நல்லதுதானுங்க. ஆனா இதுல இருக்கறவங்க எல்லாம் துணையில்லாம நல்லா நடக்கறவங்க. முடியாம பாதியில நின்னவங்கள கணக்குலயே சேக்கலீங்க.”

நின்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல சாந்தி?”

“தெனமும் சொன்னனுங்க. நீங்கதான் சிரிச்சுப்போட்டீங்க.”