நாய்க்கும் முறை பார்த்தேன்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த வெள்ளைக்காரம்மாவுக்கு நான் ஏழு வருஷம் சமைத்துப் போட்டேன். அந்த அம்மா பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி டெரியர் நாய் கொண்டுவந்து வளர்த்தார். முழங்கால் உயரம்கூட வராது. வெள்ளை உடம்பு, முகத்திலும் முதுகிலும் கறுப்பும் செவலையுமாகத் திட்டு. எலி என்றால் உயிரை விடும். எழுபதுகளின் நடுவில் அந்த அம்மா தன் ஊருக்கே திரும்பினபோது, அந்த ஜோடியையும் அது போட்டிருந்த குட்டிகளில் இரண்டையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார். வேறு யாரிடமும் விட அவருக்கு மனசு வரவில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் நாய்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். எழுதினது கம்மி, வரைந்தது ஜாஸ்தி. முதல் பக்கத்தில் மூன்று படம்: ஓர் எலி, ஒரு குழந்தை, ஒரு வட்டில். எலி பிடிக்க வேண்டும், குழந்தையைக் கடிக்கக் கூடாது, போட்டதைத் தின்ன வேண்டும். என் வீட்டில் பிறக்கிற குட்டி இந்த மூன்றுக்கும் சரிப்பட்டு வரவேண்டும். அதற்கு எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று பார்த்துத்தான் சேர்ப்பேன். ஊரில் எல்லாரும் சடை நாய் தேடிக்கொண்டிருந்த காலம். இந்த மொட்டை நாய்க்கு இத்தனை யோசனையா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னிடம் இருந்த குட்டிகளில் கருங்காதன் ஆண், செவலைத்தலை பெண். இரண்டும் வளர்ந்து பருவத்துக்கு வந்தபோது, ஒன்றை வீட்டுக்குள்ளும் ஒன்றைக் கொட்டகையிலும் கட்டினேன். அண்ணன் தங்கை ஆயிற்றே.

"நாய்க்கு இன்னாக்கா அண்ணன் தங்கச்சி?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உன் வூட்டு நாய்க்கு இல்லாம இருக்கும். என் வூட்டு நாய்க்கு உண்டு."

அவற்றோடு பிறந்த இன்னொரு பெட்டை பக்கத்துத் தெருவில் வளர்ந்தது. அது போட்ட பெண் குட்டி ஒன்றை வாங்கிவந்தேன். உடம்பு முழுக்க வெள்ளை. வெள்ளச்சி என்று கூப்பிட்டோம். வெள்ளச்சிக்குக் கருங்காதன் தாய்மாமன். எங்கள் சனத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. நானும் என் தாய்மாமனைத்தான் கட்டினேன். ஆகவே முறை சரியாக இருக்கிறது என்று, அவள் பருவத்துக்கு வந்தபோது நானே நின்று இரண்டையும் சேர்த்துவைத்தேன். மூன்று குட்டி பிறந்தது. அதில் தூய வெள்ளையாக இருந்த ஆண் குட்டியை, என் வீட்டுக்காரர் ஃபிட்டராக வேலை செய்த அரிசி மில்லின் முதலாளி ஆசைப்பட்டுக் கேட்டார். குடோனில் எலித் தொல்லை. கொடுத்தேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில், முதலாளி அந்தக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா, செவிட்டு நாயைக் குடுத்துட்டீங்களே."

"என் வூட்ல பொறந்தது செவிடா?"

"லாரி பின்னால வருது. ஆரன் அடிக்கிறான், நாங்க கத்துறோம். இது நடுவுல குந்திக்கினு காலை நக்கிக்கினு இருக்குது. மூட்டை தூக்குறவன் ஓடிப்போயி வாலைப் புடிச்சு இழுத்தான். இல்லன்னா கூழாயிருக்கும்."

நான் விடவில்லை. குட்டிக்குப் பின்னால் போய்த் தரையில் காலை ஓங்கி மிதித்தேன். திரும்பிப் பார்த்தது. "பாத்தீங்களா?" என்றேன். அவர் அதே இடத்தில் நின்று பலமாகக் கை தட்டினார். குட்டி என்னையே பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினார். திரும்பவில்லை. குட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மில்லுல இன்னைக்கு எனக்கு இன்னா பேர் வச்சிருக்கானுங்க தெரியுமா?"

"இன்னா பேரு மாமா?"

"செவிட்டு நாய்க்கு சம்பந்தி."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. தரையில் மிதித்தால் திரும்புகிறதே என்றேன். அது அதிர்வு, காலில் தெரியும் என்றார். கூடப் பிறந்தவை ஓடினால் இதுவும் ஓடும், அதனால்தான் வீட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். பிறகு வீட்டில் என்னென்ன நாய் இருக்கிறது என்று கேட்டார், கடைசியில் தாய் தகப்பனைப் பற்றி.

"மொறை பாத்துத்தான் சேத்தேன் டாக்டரய்யா. தாய்மாமன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்கதாம்மா தப்பு."

"அதுல இன்னா தப்பு? நானும் எங்க மாமாவத்தான் கட்டினேன். ரெண்டு புள்ளைங்க. காது நல்லாத்தான் கேக்குது."

"ஐயோ, உங்க குடும்பத்தைப் பத்தி நான் பேசலம்மா." அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரே ரத்தம் ரெண்டு பக்கமும் வந்தா, மறைஞ்சு கெடக்குற குறை குட்டியில வெளிய வந்துடும். இந்த ஜாதியில வெள்ளை ஜாஸ்தி இருந்தா காதுல குறை வர்றதும் ஜாஸ்தி. இந்த ஆணையும் பெண்ணையும் இனிமே யாரோடவும் சேக்காதீங்க. செவலைத்தலைக்கு வேணும்னா வேற ரத்தம் பாருங்க. கெடைக்கலன்னா சும்மா இருங்க."

கோபமாகத்தான் வெளியே வந்தேன். கருங்காதனைப்போல அழகன் இந்த ஊரில் உண்டா? ஆனால் தேரடி வரைக்கும் நடந்து வருவதற்குள் கோபம் இறங்கிவிட்டது. கையில் இருந்த குட்டி ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் தலை சாய்த்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. ஒரு ஆரனுக்குக்கூட அது அசையவில்லை. இதற்கு இந்தக் கதி வந்தது என் கையால்தானே என்று நினைத்தேன். லாரிக்காரன்மேலும் முதலாளிமேலும் பழி சொல்லி ஆகப்போவது என்ன? வீட்டுக்கு வந்து நோட்டின் முதல் பக்கத்தில், மற்ற மூன்றைவிடப் பெரிதாக, ஒரு காது வரைந்தேன். மற்ற இரண்டு குட்டிகள் வளர்ந்த வீடுகளுக்கும் போய்க் கை தட்டிப் பார்த்தேன். கேட்டது. ஆனாலும் இவற்றைக் குட்டி போட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். செவிட்டுக் குட்டியை நானே வைத்துக்கொண்டேன். கொட்டகைக்கு வெளியே கயிறில்லாமல் விட்டதில்லை.

ஒன்றரை வருஷம் ஒரு குட்டியும் இல்லை. இன்னொரு செவிடு என் வீட்டில் பிறந்தால் நாய்களை யாருக்காவது கொடுத்துவிட்டு இந்த வேலையையே விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் அந்த டாக்டர், வேலூரில் ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரிடம் இதே ஜாதியில் ஆண் நாய் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். செவலைத்தலையைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறினேன்.

"இன்னாம்மா, கூடையில கோழியா?" என்றார் கண்டக்டர்.

"நாய். வேலூருக்கு மாப்ள பாக்கப் போவுது."

"சீர்வரிசை எல்லாம் எங்க? பஸ்சு மேல ஏத்தியாச்சா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மிலிட்டரிக்காரரிடம் அவர் நாயின் தகப்பன் எந்த ஊர், தாய் எந்த ஊர், கூடப் பிறந்ததில் ஏதாவது காது கேட்காததா, பெங்களூர் பக்கம் சொந்தம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கல்கத்தாவிலிருந்து வந்தது என்று காகிதம் காட்டினார். நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் நாய்க்குப் பின்னால் போய்க் கை தட்டினேன். சட்டென்று திரும்பியது.

"என் பொண்ணு கல்யாணத்துக்கே நான் இவ்ளோ விசாரிக்கலம்மா," என்றார்.

"விசாரிச்சிருக்கணும் சார்," என்றேன்.

இரண்டு மாதத்தில் செவலைத்தலை நான்கு குட்டி போட்டாள். கண் திறந்தது, நடந்தது, ஒன்றை ஒன்று கடித்து விளையாடியது. காதைச் சோதிக்க மட்டும் ஐந்து வாரம் முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐந்து வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு கீழே விழுந்தால் குட்டிகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த நாளும் வந்தது. முதலாளியும் வரட்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையின் அதிர்வு தெரியாமல் இருக்க நான்கு சாக்கை மடித்துப் போட்டேன். வீட்டுக்காரர் சைக்கிள் மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பின்னால் நின்றார். குட்டிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் வைப்பேன். அவர் ஒரு காதுப் பக்கம் அடிப்பார், பிறகு மறு காதுப் பக்கம். முதல் குட்டி திரும்பியது. இரண்டாவது பயந்து என் மடியில் ஏறியது. மூன்றாவது மணியையே பிடுங்கப் போனது.

நான்காவதுக்குத்தான் வெள்ளை ஜாஸ்தி. மணி அடித்தது. அசையவில்லை. இன்னொரு பக்கம் அடித்தார். சாக்கின் நூலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முதலாளி மெதுவாக, "உடும்மா, ஒண்ணுதானே," என்றார்.

"இருங்க," என்றேன். நூலை வாயிலிருந்து பிடுங்கினேன். குட்டி சும்மா உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"இப்ப அடி மாமா. மெதுவா."

ஒரே ஒரு முறை அடித்தார். குட்டி இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பியது. மறுபக்கம் போய் அடித்தார். அங்கேயும் திரும்பியது. நான் அதை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனமாதிரி இருந்தது. குட்டி என் புடவையை நனைத்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இதையே எனக்குக் குடுத்துடும்மா. இப்பவே எடுத்துனு போறேன்."

"இப்ப முடியாதுங்க," என்றேன். "இன்னும் மூணு வாரம் தாய்கிட்டதான் இருக்கணும். அதுக்குள்ள குடோன் வாசல்ல ஒரு வேலி கட்டுங்க. நான் வந்து பாத்துட்டுத்தான் குடுப்பேன்."